பேசினால் ஆறுமா?

"பேசி என்ன ஆகப்போகுது?"

மனநல ஆலோசகரிடம் ஒருமுறை போய்ப் பேசிப் பாருங்கள் என்று சொன்னால் மதுரைப் பக்கம் முதலில் வருகிற பதில் இதுதான். மாத்திரை என்றால் ஒரு கணக்கு இருக்கிறது. ஊசி என்றால் இன்னும் நல்லது. வெறுமனே உட்கார்ந்து பேசுவதற்கு உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எதற்குப் பஸ் ஏற வேண்டும்? நியாயமான கேள்வி. கேட்பவரின் அறியாமை என்று ஒதுக்கிவிடாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பேச்சு சிகிச்சையின்போது ஒருவருடைய உணர்ச்சிகளுக்கு என்ன நடக்கிறது, யாருக்கு அது அதிகம் உதவுகிறது என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அதில் தெளிவானவற்றை இங்கே சொல்கிறேன்.

காபி ஆறுகிறது, பசி ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனசும் ஆறுகிறது. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி ஆறுவதில்லை. காபியை அப்படியே வைத்தாலும் ஆறிவிடும்; அவசரமென்றால் டம்ளருக்கும் டபராவுக்கும் மாற்றி ஆற்றிக்கொள்ளலாம். புண் அப்படியில்லை. மேலே தோல் மூடி உள்ளே சீழ் கட்டியிருந்தால் எத்தனை மாதம் போனாலும் ஆறாது. கீறித்தான் ஆக வேண்டும். கீறுகிற அன்று வலி கூடும். நம்முடைய துக்கம், கோபம், பயம் ஆகியவற்றில் பெரும்பகுதி காபி வகை. ஒரு நல்ல தூக்கம், அக்காவிடம் அரைமணி நேரப் புலம்பல், ஒரு வாரம் போனால் சரியாகிவிடும். அதற்கு எந்த நிபுணரும் வேண்டாம். சிகிச்சை வேண்டியது புண் வகைக்கு.

விளக்குவதற்கு ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்வோம். இவர் நான் கற்பனையில் உருவாக்கிய ஆள்; எந்தத் தனி மனிதருடைய கதையும் அல்ல. அவனியாபுரம் பக்கம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கூலிக்கு மல்லிகைப் பூக் கட்டுகிறவர், வயது நாற்பத்தி மூன்று. இரண்டு வருடத்துக்கு முன் ரிங் ரோட்டில் பைக் விபத்தில் மூத்த மகன் போய்விட்டான். அதிலிருந்து நெஞ்சு அடைக்கிறது, தூக்கம் இல்லை. இ.சி.ஜி. எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. பூவைக் கையில் எடுத்தால் விரல் நடுங்குகிறது, நாற்பது முழம் கட்டுகிற இடத்தில் பத்து முழத்துக்கு மேல் ஓடவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர் ஆலோசகரிடம் அனுப்புகிறார்.

முதல் நாள் அவர் சொல்வது எல்லாம் ஒரே கலங்கல். "எல்லாம் போச்சு மேடம். நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி இருக்கு. என்னால முடியல." அழுகிறார். அழுதுவிட்டு வீட்டுக்குப் போகிறார், ஆறவில்லை. இரண்டு வருடமாக அழுதுகொண்டுதான் இருக்கிறார். அழுகையால் ஆறுவதாக இருந்தால் எப்போதோ ஆறியிருக்கும். பேச்சு சிகிச்சை என்றாலே மனசில் இருப்பதைக் கொட்டிவிடுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கொட்டுவது அதில் சிறு பகுதிதான்.

லெஸ்லி கிரீன்பெர்க் என்பவர் கனடாவில் டொரன்டோ நகரத்து யார்க் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியராக இருந்தவர். சிகிச்சை அறையில் நடந்த உரையாடல்களின் பதிவுகளை நிமிடம் நிமிடமாக ஓட்டிப் பார்த்து, எந்த உணர்ச்சிக்குப் பிறகு எந்த உணர்ச்சி வருகிறது என்று குறித்தவர்களில் முக்கியமானவர். அவரும் அவருடைய மாணவர் அன்டோனியோ பாஸ்குவல்-லியோனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வரிசையைக் காட்டினார்கள். நன்றாகத் தேறியவர்களிடம் உணர்ச்சி குறைந்துகொண்டே போகவில்லை; ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டு வந்தது. ஓர் உணர்ச்சியைக் கலைக்க வல்லது இன்னோர் உணர்ச்சிதான் என்பது கிரீன்பெர்க்கின் அடிப்படைக் கருத்து. புத்திமதி சொல்லி யாருடைய குற்ற உணர்வையும் போக்கிவிட முடிந்ததில்லை என்பது வீட்டில் துக்கம் கண்ட எல்லோருக்கும் தெரியும்.

நம் பூக்காரம்மாவிடம் அந்த வரிசை எப்படி வரும்? கலங்கலுக்கு அடுத்து கோபம். "வண்டி வேணாம் வேணாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். இந்த மனுசன் கேட்டாரா?" கணவர் மேல், லாரிக்காரன் மேல், சாமி மேல் கோபம். இது தள்ளிவிடுகிற கோபம். ஆளைத் தள்ளிவிடும், ஆனால் எங்கும் கொண்டு சேர்க்காது. ஆலோசகர் இதைத் தடுப்பதுமில்லை, தூபம் போடுவதுமில்லை. அடுத்து என்ன வருகிறது என்று பொறுத்திருப்பார். நாலாவது, ஐந்தாவது வாரத்தில் குரல் தாழ்ந்து ஒரு வாக்கியம் வரும். "அன்னைக்குக் காலைல மார்க்கெட்டுக்கு அவனைப் போகச் சொன்னதே நான்தான்."

புண்ணின் வாய் அதுதான். கோபத்துக்கும் கலங்கலுக்கும் அடியில் இரண்டு வருடமாக மூடிக்கிடந்த குற்ற உணர்வு, அதற்கும் அடியில் 'நானெல்லாம் ஒரு தாயா' என்கிற அவமானம். இந்த வாக்கியம் வெளியே வந்த வாரம் அவருக்கு நிச்சயமாக நன்றாக இருக்காது. தூக்கம் இன்னும் கெடலாம். "நல்லாத்தானே இருந்தேன், இங்க வந்துதான் ஜாஸ்தியாச்சு" என்று நின்றுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். இப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்காத ஆலோசகர் தன் வேலையில் பாதியைச் செய்யவில்லை என்பது என் கருத்து.

அதற்கு அப்பால் போனால் கேட்கப்படுவது வேறு கேள்வி. அந்த அவமானத்துக்குள் என்ன வேண்டிக் கிடக்கிறது? "அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் மேடம். அவ்வளவுதான்." சில ஆலோசகர்கள் இந்த இடத்தில் எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, மகன் அங்கே உட்கார்ந்திருப்பதாக வைத்துப் பேசச் சொல்வார்கள். கேட்பதற்கு நாடகம் போலத் தோன்றும். ஆனால் இறந்தவரை முன்னால் நிறுத்தி நேராகப் பேசுவது நமக்குப் புதிதா? ஒப்பாரி என்பதே அதுதானே. "என்னை விட்டுப் போனியே" என்று எதிரே இருப்பவரிடம் கேட்பது போலத்தான் பாடுகிறோம். வித்தியாசம் ஒன்றுண்டு: ஒப்பாரியில் ஊர் கேட்டுக்கொண்டிருக்கும், அதனால் சொல்ல முடியாத ஒன்று எப்போதும் மிஞ்சும். நாற்காலிக்கு முன்னால் அதைச் சொல்லலாம். அதே பெண்ணை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, மகன் என்ன சொல்வான் என்று கேட்பார்கள். "போம்மா, நான் எத்தனை நாள் மார்க்கெட்டுக்குப் போயிருக்கேன்" என்று அவர் வாயிலிருந்தே வரும்போது, இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவருக்குத் தன் மேலேயே ஓர் இரக்கம் பிறக்கிறது.

அதற்குப் பிறகும் அழுகிறார். பார்ப்பவருக்கு முதல் நாள் அழுதது போலவேதான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் உணர்ச்சி வேறு. முதல் நாள் அழுதது திக்குத் தெரியாத தவிப்பு. இப்போது அழுவது மகனுக்காக. இந்த அழுகை முடிந்து எழுந்திருக்க முடியும். கோபமும் வேறு உருவில் திரும்பி வரும். "நீதானே அனுப்பிச்சே" என்று சொல்கிற நாத்தனாரிடம், "இனிமே அந்தப் பேச்சை என்கிட்ட எடுக்காதீங்க" என்று நிமிர்ந்து சொல்கிற கோபம். தள்ளிவிடுகிற கோபத்துக்கும் இந்தக் கோபத்துக்கும் ஆய்வாளர்கள் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, தேறுவதற்கான அறிகுறி.

இதெல்லாம் நேர்கோட்டில் போவதில்லை. திவசம் வரும், அவன் வயதுப் பையனுக்குக் கல்யாணப் பத்திரிகை வரும், பழைய கலங்கல் மொத்தமாகத் திரும்பும். பாஸ்குவல்-லியோன் 2009-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்பதுதான் தேறுகிறவர்களின் நடை. நாளாக ஆக அவர்கள் சரிகிற நேரம் சுருங்கிக்கொண்டே வருகிறது. முன்பு சரிந்தால் பத்து நாள். பிறகு இரண்டு நாள். பிறகு ஒரு சாயங்காலம். ஆகவே தேறுகிறோமா என்று பார்க்க வேண்டுமென்றால் 'இன்னும் அழுகிறேனா' என்று கேட்காமல், 'விழுந்தால் எழ எவ்வளவு நேரமாகிறது' என்று கேட்டுப் பார்ப்பது மேல்.

இங்கே ஆண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ஆணுக்குக் கோபப்பட அனுமதி உண்டு, அழ அனுமதியில்லை. பெண்ணுக்கு அழ அனுமதி உண்டு, கோபப்பட அனுமதியில்லை. ரோஷம், மானம், வீராப்பு என்று ஆணின் கோபத்துக்கு அழகான பெயர்களே வைத்திருக்கிறோம். அதனால் ஆணிடம் மேலே தெரிகிற கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் அவமானமோ பயமோ துக்கமோ இருக்கும். பெண்ணிடம் மேலே தெரிகிற அழுகைக்கு அடியில் பல நேரம் கோபம் இருக்கும். மேலே தெரிவதற்கு மட்டும் மருந்து போட்டால் ஆறாது. அந்தப் பூக்காரம்மாவின் கணவரை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி வாங்கிக் கொடுத்தவர் அவர். இரவானால் டாஸ்மாக் வாசலில் நிற்கிறார், எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறார். அவரை ஆலோசனைக்குக் கூப்பிட யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. 2022-ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், தற்கொலை எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து இரண்டாவது இடத்தில் நின்றது தமிழ்நாடு: ஒரே ஆண்டில் 19,834 பேர். நாடு முழுவதும் இப்படி இறப்பவர்களில் பெண்களைவிட ஆண்கள்தான் மிக அதிகம்.

"எங்க ஆளுங்களுக்கு உணர்ச்சியைச் சொல்லத் தெரியாது. எல்லாத்தையும் நெஞ்சுவலி, தலைபாரம், வயித்தெரிச்சல்னு உடம்பு மேல போட்டுச் சொல்வாங்க. இவங்களுக்கு இந்தச் சிகிச்சையெல்லாம் ஒத்துவராது." படித்தவர்களிடமிருந்தே இதைக் கேட்கலாம். உணர்ச்சிக்குச் சொல் கிடைக்காத நிலைக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மருத்துவர் 1970-களின் தொடக்கத்தில் வைத்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பேச்சு சிகிச்சை கொஞ்சம் கடினம் என்பது உண்மை. ஆனால் உடம்பின் மொழியில் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த வகையில் சேர மாட்டார்கள். உணர்ச்சிகளை வகைப்படுத்திய தொல்காப்பியர் அந்தப் பகுதிக்கு மெய்ப்பாட்டியல் என்றுதான் பெயரிட்டார். மெய் என்றால் உடம்பு. உள்ளே நிகழ்வது உடம்பில் படுவதுதான் மெய்ப்பாடு. அவர் சொல்லும் எட்டில் அழுகை ஒன்று. அது நான்கு காரணங்களால் வரும் என்கிறார். பிறர் இழிவுபடுத்துவதால் வருவது, இழப்பால் வருவது, முன்பிருந்த நிலை கெட்டுப்போவதால் வருவது, வறுமையால் வருவது. நல்ல ஆலோசகர் முதல் மூன்று சந்திப்புகளில் கண்டுபிடிக்க முயல்வதும் ஏறக்குறைய இதைத்தான்: இந்த அழுகை எந்தக் காரணத்து அழுகை?

பெயரிடுவதற்கே ஒரு பலன் உண்டு. கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மேனும் உடன் ஆய்ந்தவர்களும் 2007-இல் ஒரு சோதனை செய்தார்கள். பயமோ கோபமோ தெரியும் முகங்களின் படங்களைக் காட்டி, அதில் இருக்கும் உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சொல்லைத் தேர்ந்த நேரங்களில் மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது. "என்னமோ பண்ணுது" என்பதிலிருந்து "பயமா இருக்கு" என்பதற்கும், அதிலிருந்து "அவர் முன்னாடி அசிங்கப்பட்டுருவேனோன்னு பயமா இருக்கு" என்பதற்கும் நகர்வது வெறும் சொல் விளையாட்டில்லை. சொல் கூர்மையாக ஆக, உடம்பு கொஞ்சம் இளகுகிறது. 'நெஞ்சு அடைக்குது' என்பவரிடம், 'அடைக்கிற நெஞ்சு பேசினா என்னம்மா சொல்லும்?' என்று கேட்டு அங்கிருந்தே தொடங்கலாம்.

பயத்தின் கதை வேறு. விபத்துக்குப் பிறகு பஸ்ஸில் ஏறவே முடியாதவர், கூட்டத்தைக் கண்டால் மூச்சு முட்டுகிறவர் ஆகியோருக்கு ஆழமான பேச்சைவிடப் பயிற்சிதான் முக்கியம். பயப்படுகிற இடத்துக்குப் படிப்படியாகப் போய், தப்பி ஓடாமல் நின்று, எதிர்பார்த்த கேடு வரவில்லை என்று உடம்புக்கே தெரியவைப்பது. பழைய பயம் அழிந்துவிடுகிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். இப்போதைய புரிதல், பழையது அப்படியே இருக்க அதன் மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது என்பது. அதனால்தான் ஒரே பஸ், ஒரே வழித்தடம் என்றில்லாமல் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நேரங்களில் பழகச் சொல்கிறார்கள். புதிய பாடம் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறதோ, அத்தனை இடத்தில் அது நிற்கும்.

மனச்சோர்வில் வேறொரு சிக்கல். துக்கம் குறைந்தாலும் சந்தோஷம் தானாகத் திரும்புவதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். ஊரே ஆற்றோரம் நிற்க, மனச்சோர்வில் இருப்பவருக்கு மட்டும் எழுந்து குளிக்கவே தோன்றவில்லை. மனசு சரியானால் போகலாம் என்று காத்திருக்கிறார். அங்கேதான் பிழை. போவது முதலில், தோன்றுவது பிறகு என்று திருப்பிப் போடும் ஒரு சிகிச்சை உண்டு. தினமும் சின்னச் சின்னச் செயல்களைத் திட்டமிட்டு, மனசு வந்தாலும் வராவிட்டாலும் செய்து, செய்த பின் எப்படி இருந்தது என்று குறித்துக்கொண்டு வருவது. எண்ணங்களை ஆராயும் முழு சிகிச்சைக்கு இந்தச் செயல்பகுதி மட்டுமே ஈடாக நிற்கிறது என்று அமெரிக்காவில் நீல் ஜேக்கப்சனின் குழு 1996-இலேயே காட்டியது.

பேசுவது கெடுதலாகும் இடங்களும் உண்டு. மாடு அசைபோடுவது போல ஒரே வலியை ஒரே சொற்களில் தினமும் திரும்பத் திரும்ப ஓட்டுவது மனச்சோர்வைக் கூட்டும். ஆலோசனை அறையிலும் அது நடக்கக்கூடும். பெரிய விபத்து, பேரிடர் முடிந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை விவரமாகச் சொல்லவைக்கும் ஒற்றைச் சந்திப்பு முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கூட்டவும் செய்யலாம் என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டிய பிறகு கைவிடச் சொன்னார்கள். முதல் நாட்களில் தேவை சாப்பாடு, பாதுகாப்பு, சொந்தக்காரர்களோடு சேர்த்துவைப்பது. பேச விரும்பினால் கேட்க ஓர் ஆள். பொதுவாகவே, சிகிச்சைக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு நிலைமை மோசமாகிறது. கத்தி வைக்கிற எந்தச் சிகிச்சைக்கும் இருப்பது போல இதற்கும் ஆபத்து உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை.

சரி, யாருக்கு அதிகம் பலன்? 1964-இல் வில்லியம் ஸ்கோஃபீல்டு என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சங்கடமான உண்மையை எழுதினார். சிகிச்சை தருகிறவர்கள் விரும்பி எடுத்துக்கொள்வது இளவயது, அழகான தோற்றம், நல்ல பேச்சு, புத்திக்கூர்மை, வாழ்க்கையில் வெற்றி ஆகியவை உள்ளவர்களைத்தான் என்றார். அப்படிப்பட்டவர்களுக்கே சிகிச்சை கிடைத்துவந்ததால், அவர்களுக்கே அது பலிக்கும் என்ற நினைப்பும் சேர்ந்து வளர்ந்தது. அந்தக் கணக்குப்படி நம் பூக்காரம்மாவுக்கு வாசலிலேயே இடமில்லை.

அந்த நினைப்பை உடைத்தவை பணக்கார நாடுகளின் கிளினிக்குகள் இல்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டி மாவட்டத்துக் கிராமங்களில், கர்ப்ப காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளான 903 பெண்களை வைத்து அதிஃப் ரஹ்மான் குழு செய்த ஆய்வு 2008-இல் வந்தது. சிகிச்சை தந்தவர்கள் கிராம சுகாதாரப் பெண் ஊழியர்கள். வீட்டுக்கே போய், எண்ணங்களையும் செயல்களையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும் முறையைப் பேச்சோடு பேச்சாகச் செய்தார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 23 விழுக்காட்டினர் மட்டுமே மனச்சோர்வோடு இருந்தார்கள். வெறுமனே வீட்டுக்கு வந்துபோனவர்கள் பார்த்த பெண்களில் அது 53 விழுக்காடு. கோவாவில் விக்ரம் படேலும் சங்கத் அமைப்பும் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு இருந்த 495 பேரோடு செய்த ஆய்வும் அப்படியே. முன்பு மனநலப் பயிற்சியே இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பழக்கி, 'போவது முதலில், தோன்றுவது பிறகு' என்று மேலே சொன்ன சிகிச்சையை ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் தரவைத்தார்கள். மூன்று மாதத்தில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காடு. ஜிம்பாப்வேயில் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்ப் பாட்டிகள் தருகிற சிகிச்சைக்கும் இதே மாதிரி நல்ல பலன் வந்திருக்கிறது. அங்கே இந்த நோய்க்கு மக்கள் வைத்திருக்கும் பெயருக்கு 'ரொம்ப யோசிக்கிறது' என்று பொருள். நம் வீடுகளிலும் அப்படித்தானே சொல்கிறோம்?

ஆகவே படிப்பும் பணமும் பேச்சுத் திறமையும் இருந்தால்தான் பலன் என்பதை விட்டுவிடலாம். கணிக்க உதவுகிறவை வேறு. எல்லாவற்றிலும் உறுதியாக நிற்பது, வந்தவருக்கும் ஆலோசகருக்கும் இடையிலான பிணைப்பு. 2018-இல் வந்த ஒரு தொகுப்பு 295 ஆய்வுகளை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்தது: பிணைப்பு நன்றாக இருந்த இடத்தில் பலனும் நன்றாக இருந்தது, எந்த முறைச் சிகிச்சையாக இருந்தாலும். பிணைப்பு என்றால் ஆலோசகர் இனிமையாகப் பேசுவது மட்டுமில்லை. எதற்காக வந்திருக்கிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து இருக்க வேண்டும். அடுத்து மொழி. அமெரிக்காவில் சிறுபான்மை இனத்தவரிடையே நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, தாய்மொழியில் நடந்த சிகிச்சை ஆங்கிலத்தில் நடந்ததைவிட இரண்டு மடங்கு பலன் தந்திருந்தது. 'டிப்ரஷன்', 'ஆங்சைட்டி' என்று பாடம் படித்து வருகிற நம் இளம் ஆலோசகர்கள், 'மனசு விட்டுப்போச்சு', 'ஆத்தமாட்டாம இருக்கு' என்பவற்றுக்குள் இருக்கும் நுட்பத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

சந்திப்புக்கும் சந்திப்புக்கும் இடையில், சொன்னதை வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்குப் பலன் கூடுகிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் போக மீதி எல்லா நேரமும் வாழ்க்கை வெளியேதானே நடக்கிறது? நோய் கடுமையாக இருப்பவர்களுக்குப் பேச்சு பயன்படாது என்பதும் பிழை. அவர்களுக்குக் குறைவதற்கு நிறைய இருக்கிறது, குறையவும் செய்கிறது. முழுக்கத் தேற நாளாகும், பல நேரம் மருந்தும் கூட வேண்டும். காதில் குரல் கேட்பது, கட்டுக்கடங்காத சந்தேகம், தூக்கமே இல்லாத பரபரப்பு இருந்தால் மனநல மருத்துவரும் மருந்தும் முதலில். பேச்சு அதற்குத் துணை.

குறைவாகப் பலன் பெறுகிறவர்கள் யார் என்றால், வலியின் காரணம் இன்னும் நடந்துகொண்டே இருப்பவர்கள். தினமும் அடிவாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் மனசை ஆற்றிக்கொள்ளச் சொல்வது கொடுமை. அங்கே முதலில் வேண்டியது 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் பாதுகாப்பான இடமும். வறுமையையும் அழுகையின் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்த தொல்காப்பியருக்கு இது தெரிந்திருந்தது. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது, மூச்சுப் பயிற்சியைவிடக் கடனுக்கு வழி சொல்வதே சிகிச்சை.

மேலமடை பாண்டி கோயிலில் சாமியாடிக் குறி சொல்கிறவரிடம் முதலில் போனேன் என்று சொல்கிறவரைச் சில மருத்துவர்கள் கேலியாகப் பார்ப்பதுண்டு. வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் ஆர். ரகுராம் குழு, தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த கடும் மனநோய் கொண்ட 31 பேரை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டது. சராசரி ஆறு வாரத் தங்கலில் நோயின் கடுமை ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. பேயோட்டும் சடங்கு எதுவும் அங்கே இல்லை. கோயில் வேலையில் கொஞ்சம் கைகொடுத்துக்கொண்டு, யாரும் விரட்டாத இடத்தில் இருந்ததுதான் நடந்தது. அதே நேரம், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டபடியே 28 பேர் தீயில் கருகியதையும் மறக்கக் கூடாது. கோயிலா ஆஸ்பத்திரியா என்பதைவிட, அந்த இடத்தில் ஆளுக்கு மரியாதை இருக்கிறதா என்பது பெரிய கேள்வி.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பார்கள். 1986-இல் கென்னத் ஹோவர்டின் குழு பழைய ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது: எட்டுச் சந்திப்புகளுக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்கும், இருபத்தாறுக்குள் நான்கில் மூன்று பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. சிலருக்குப் படிப்படியாக வராமல், ஒரு சந்திப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் சட்டென்று பாரம் இறங்குவதும் உண்டு. ஐந்தாறு தடவை போயும் துளி அசைவும் இல்லையென்றால், அதை ஆலோசகரிடமே நேராகச் சொல்லலாம். முறையை மாற்றலாம், ஆளையும் மாற்றலாம். அதில் யாரும் வருத்தப்பட ஒன்றுமில்லை.

மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில், அதாவது நம் பெரியாஸ்பத்திரியில், மனநலப் பிரிவு இருக்கிறது. மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இந்த ஊரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மனநலத்துக்காக வேலை செய்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிட்டுத் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிற இரவுக்கும் அந்த எண்தான். பேசியது ஊருக்குத் தெரிந்தால் மகளைப் பெண் கேட்டு வர மாட்டார்களே என்ற பயம் உண்மையானது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுகிறவருக்கு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. முதல் நாளே "இது வெளியே போகாதுல்ல?" என்று வாய்விட்டுக் கேட்கலாம்; எந்த நிலையில் மட்டும் வீட்டாருக்குச் சொல்ல வேண்டிவரும் என்பதையும் அவர் விளக்க வேண்டும்.

போகும்போது நோயின் பெயர் தெரிந்திருக்கத் தேவையில்லை. தூக்கம் எப்படி இருக்கிறது, சாப்பாடு எப்படி இறங்குகிறது, முன்பு செய்த எந்த வேலை இப்போது ஓடவில்லை என்ற மூன்றைச் சொன்னால் போதும். பூக்காரம்மா முதல் நாள் சொன்னதும் அதுதான்: "நாப்பது முழம் கட்டுவேன் மேடம். இப்பப் பத்துக்கு மேல கை ஓடல."